ஐந்தாவது அச்சு

ஒரே ஒரு தெருவாம், அந்தத் தெரு மேலே ஒரு ஆற்றுக்கு ரொம்ப நாளாகக் கண்ணாம், உம். தாத்தாவாக இருந்தால் இந்த இடத்தில் நிறுத்தியிருப்பார். கேட்கிறவன் உம் கொட்டினால்தான் அடுத்த வரி வரும், இல்லாவிட்டால் ராஜா பாதிக் கிணற்றில் தொங்கிக்கொண்டே இருப்பான், குதிரை ஒரு காலைத் தூக்கினபடி நிற்கும். நான் நன்றாக உம் கொட்டுவேன். எனக்கு ஒழுங்காக வந்த ஒரே பேச்சு அதுதானோ என்று இப்போது தோன்றுகிறது, இந்தக் கவிழ்த்த படகுக்கு அடியில், சிமெண்டுத் தரையில் முதுகு ஒட்டக் கிடந்துகொண்டு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு. மணி மூன்றரை இருக்கும். நாலு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன் அவர்களை, படகைத் தூக்க. விரல் முட்டியால் தட்டுகிறேன். நாலாவது அச்சுக்கு மேலே டொக்கென்று வெற்றுச் சத்தம். ஆறாவதிலும் அதே டொக். ஐந்தாவதில் மட்டும் தட், சுவரைத் தட்டினமாதிரி, சதை பிடித்த சத்தம். மறுபடி தட்டுகிறேன். மத்தியானத்திலிருந்து எத்தனை தடவை தட்டியாயிற்று, ஒரு தடவையாவது மாறிக் கேட்காதா என்று. தட். எச்சில் டார்ச்சின் வழியாக வழிந்து காதுக்குள் போகிறது, துடைக்கக்கூட அலுப்பாக இருக்கிறது, போகட்டும்.

ஆறு மாதம். மலைவேம்பு மரத்தை மில்லில் கொடுத்து ரீப்பர் ரீப்பராக அறுத்து வாங்கி, கால் அங்குலக் கனம், முக்கால் அங்குல அகலம், பதினாறடி நீளம், பஸ்ஸில் ஏற்ற மாட்டோம் என்றதால் மீன்பாடி வண்டியில் கொண்டுவந்து, இந்த ஹாலில் ஒரு நீளச் சட்டத்தின் மேல் பதின்மூன்று ப்ளைவுட் அச்சுகளை விலா எலும்பு மாதிரி நிறுத்தி, அவற்றின் மேல் ஒவ்வொரு ரீப்பராக வளைத்து, ஒன்றின் விளிம்போடு அடுத்ததைப் பசை போட்டு ஒட்டி, ஒரு நாளைக்கு நாலு, அதிகம் போனால் ஆறு. ஒட்டி முடித்து, இழைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து மூக்குச் சளிகூட மரத்தூள் நிறமாக வந்து, அதன் மேல் ஃபைபர் துணி விரித்து எபாக்ஸி பூசி, அதுவும் காய்ந்து கண்ணாடிபோல ஆகிவிட்டது. உள்ளே நிற்கிற அச்சுகள் படகின் பாகமில்லை. வளைவு சொல்லிக்கொடுப்பதோடு அவற்றின் வேலை முடிந்தது, படகு அவற்றை விட்டுவிட்டு மேலே வந்துவிட வேண்டும். அதற்காகத்தான் மரம் ஏற்றுவதற்கு முன்னாலேயே ஒவ்வொரு அச்சின் விளிம்பிலும் பழுப்பு பாக்கிங் டேப் ஒட்டுவது. டேப்பில் பசை பிடிக்காது. எல்லா அச்சிலும் டார்ச் வெளிச்சம் பட்டால் விளிம்பு பளபளக்கிறது, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, பளபளப்பு. ஐந்தில் வெறும் ப்ளைவுட். ரீப்பர்களின் இடுக்குகளிலிருந்து வழிந்த பசை அதில் சொட்டுச் சொட்டாக, முழுக்க, அழகாகக்கூட, மஞ்சளாக இறுகிப்போயிருக்கிறது. எப்படி விட்டேன். எப்படி விட்டேன் என்பது தெரியும், தெரிந்துகொண்டே கேட்டுக்கொள்கிறேன். நாலாவது அச்சோடு டேப் தீர்ந்துவரும் நிலையில் மாடியிலிருந்து அம்மா கூப்பிட்டாள், குளிக்கணும்டா. செயற்கைக் கால் உரசின புண்ணில் தண்ணீர் படக்கூடாது. பிளாஸ்டிக் பையைக் காலில் மாட்டி முழங்காலுக்குக் கீழே சுற்றி டேப் ஒட்டினால்தான் குளியல். மிச்சமிருந்த டேப் முழுக்க அதற்குப் போய்விட்டது. மறுநாள் புது டேப் வாங்கிவந்து ஆறாவதிலிருந்து தொடங்கினேன். ஐந்து முடிந்துவிட்டது என்று கை நினைத்துக்கொண்டது. டேப்பைக் கிழித்த ஞாபகம் கைக்கு இருந்தது, எங்கே ஒட்டினது என்பது இல்லை.

சாதிக் கேட்டான். ஏசி மெக்கானிக், எதிர்வீடு, ரீப்பர் வளைக்கும்போதெல்லாம் மறுமுனையைப் பிடித்துக்கொள்ள வந்தவன். எல்லாத்துக்கும் ஒட்டிட்டியா மச்சான், செக் பண்ணிட்டியா. நான் உம் என்றேன். கேட்கிறவன் அடுத்த வரிக்குப் போகட்டும் என்று கொட்டுகிற உம். அவன் அடுத்த வரிக்குப் போனான், நாங்கள் மரம் ஏற்றத் தொடங்கினோம். ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டால் அச்சும் படகோடு சேர்ந்து மேலே வந்துவிடும், பிறகு மெதுவாக அறுத்துக்கொள்ளலாம், அதுவும் மத்தியானமே தோன்றியது. மற்ற அச்சுகளுக்குப் பிரச்சினையில்லை, அவை சட்டத்திலேயே நிற்கட்டும். ஐந்தாவதை மட்டும் சட்டத்தோடு பிடித்திருக்கிற இரண்டு ஸ்க்ரூ. ஒன்று வந்துவிட்டது. இன்னொன்றின் தலை வழுக்கிவிட்டது, ஸ்க்ரூடிரைவர் சும்மா சுற்றுகிறது, அதன் மேலும் பசை. ஆக்ஸா பிளேடை நுழைத்து அறுக்கலாம். ஒரு மணி நேரம் ஆகும். ஒன்றுமில்லை, வருகிறவர்களிடம் ஒரு மணி நேரம் கழித்து வாருங்கள் என்று சொன்னால் போதும். ஒரு வரி. தப்பு பண்ணிட்டேன்ணா, ஒரு அச்சு ஒட்டிக்கிச்சு, அஞ்சு மணிக்கு வாங்க. சொல்லிப் பார்க்கிறேன், படகின் உள்வளைவு அதை வாங்கி எனக்கே திருப்பித் தருகிறது, மெல்லிசாக. இதற்குள் எல்லாம் நன்றாகத்தான் கேட்கிறது. போனை எடுத்தேன், தணிகாசலம் அண்ணன் பெயர் வரைக்கும் போனேன். அவர் மாநகர பஸ் டிரைவர், லீவை எனக்காக ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றி வாங்கியிருக்கிறார். தெருமுனை வீட்டு அல்போன்ஸ் சர்ச்சிலிருந்து நேரே வருகிறான். வைத்துவிட்டேன். பிளேடைத் தேடினேன், கிடைத்தது, அறுக்கத் தொடங்கினேன், கொஞ்சம் படுத்துக்கொள்ளலாம் என்று படுத்தவன்தான். ஃபைபர் துணியின் கண்ணாடித்தூள் முழங்கை மடிப்பில் அரிக்கிறது. சொறிந்தால் இன்னும் உள்ளே போகும்.

சுவரில் இந்த உயரத்திலிருந்து பார்த்தால் தண்ணீர் நின்ற அந்தக் கோடு கூரைக்குப் பக்கத்தில் இருப்பதுபோலத் தெரிகிறது. நின்றால் என் மார்பளவு. அதற்கு மேல் பச்சை பெயிண்ட், கீழே நிறமே இல்லை. இரண்டு வருஷமாகிறது, பெயிண்ட் அடிக்கவில்லை. வெள்ளம் வந்த அன்று காலையில் எழுந்தால் ஹாலில் ஆறு. கண்ணாடி பீரோ மிதந்து, சாய்ந்து, உடைந்து, அம்மா அதன் மேல் கால் வைத்தாள், தண்ணீருக்குள்ளே யாருக்குக் கண் தெரியும், மொட்டைமாடிக்கு ஏறின பிறகுதான் படிக்கட்டில் ரத்தம் பார்த்தேன். இன்சுலின் ஃப்ரிட்ஜோடு போய்விட்டது. பத்து மணிக்கு மீட்புக்காரர்களின் அந்த ஆரஞ்சுப் படகு வந்தது. தெருமுனையில் திரும்பி, கரண்ட் கம்பத்தை ஒட்டி, மோட்டார் சத்தத்தோடு. நான் கைப்பிடிச் சுவரின் மேல் ஏறி நின்று கூப்பிட்டேன். அண்ணா, இங்க ஆள் இருக்கோம். கூப்பிட்டேனா. கூப்பிட்டேன், எனக்குத் தெரியும், தொண்டை இரண்டு நாள் வலித்தது. ஆனால் என் குரல் அப்படி. பள்ளிக்கூடத்தில் உள்ளேன் ஐயா என்று சொல்லிவிட்டு ஆப்சென்ட் வாங்கினவன் நான். வேலைக்குச் சேர்ந்த இடத்திலும் போனில் பேசுகிற பிரிவில் எடுக்கவில்லை, சாட்டில் டைப் அடிக்கிற பிரிவில் போட்டார்கள். படகிலிருந்த ஆள் ஒருவன் எங்கள் பக்கமாக முகத்தைத் திருப்பினான், என்னைப் பார்த்தமாதிரி இருந்தது, பார்க்கவில்லை. படகு திரும்பிப் போய்விட்டது. அடுத்தது மறுநாள் மத்தியானம் வந்தது. முதலில் விரல்கள் மூன்று எடுத்தார்கள், பிறகு பாதம், பிறகு கணுக்காலுக்கு மேலே. ஒரு நாள் முன்னாடி கொண்டுவந்திருந்தா, என்று டாக்டர் தொடங்கினார். நர்ஸ் எதற்கோ கூப்பிட, போய்விட்டார். அந்த வரி முடியவேயில்லை. நான் உம் கொட்டியிருக்க வேண்டும், கொட்டியிருந்தால் முடித்திருப்பாரோ என்னவோ. தட்டை எடுத்துத் தட்டியிருக்கலாமே என்றார்கள், பிறகு, எல்லாரும். பெரியம்மா சொன்னாள், ஆபீஸில் சொன்னார்கள், மருந்துக்கடைக்காரர்கூடச் சொன்னார், ஒரு எவர்சில்வர் தட்டு, ஒரு கரண்டி, தெருவே திரும்பியிருக்குமே தம்பி. மொட்டைமாடியில் எங்களோடு தட்டு இருந்தது. அதில்தான் பிஸ்கட் வைத்திருந்தோம். சொல்லாதவள் அம்மா ஒருத்திதான். இரண்டு வருஷமாகச் சொல்லவில்லை. அவள் சொல்லாமல் இருக்கிற ஒவ்வொரு நாளும் இதோ இன்று சொல்லப்போகிறாள் என்று இருக்கும்.

நாற்காலியில் வைத்து அவளைத் தூக்கிப் படகில் இறக்கினார்கள், இரண்டு பேர். சேலை நனைந்து முழங்காலுக்கு மேலே ஏறியிருந்தது, தெரு முழுக்கப் பார்த்தது. இனிமே யாரும் என்னைத் தூக்கி நான் போறதா இல்ல, வந்தா வரட்டும், மாடியிலேயே கெடக்கேன் என்றாள். பெரியம்மா ஓசூருக்கு வந்துவிடு என்றதற்கும் அதுதான் பதில். அப்போதுதான் நான் சொன்னேன், நானே ஒரு படகு செய்யறேன், படிக்கட்டிலேர்ந்து நீயே இறங்கி உக்காந்துக்கலாம். சிரிப்பாள் என்று நினைத்தேன். செய் என்றாள். ஐப்பசி பிறந்துவிட்டது. இன்னும் பத்து நாளில் மழை என்கிறார்கள். இன்றைக்கு இதைத் தூக்கினால் உள்பக்கம் துணி ஒட்டி, எபாக்ஸி பூசி, பலகை போட்டு, பத்து நாள் சரியாக இருக்கும். உடைந்தால் இந்த மழைக்குப் படகு இல்லை. யாரையும் கூப்பிடாமல் போவதற்கு ஒரு படகு, உண்மையில் அதற்காகத்தான் செய்தேன், அம்மாவுக்காக என்றுதான் வெளியே. அதைத் தூக்குவதற்கே மூன்று பேரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. வாசல் கிரில் கதவு கிறீச்சிடுகிறது. வந்துவிட்டார்கள். இன்னும் மணி ஆகவில்லையே.

ஆறு செருப்புகள் தெரிகின்றன, இங்கிருந்து பார்த்தால் அவ்வளவுதான். "எங்கடா ஆளக் காணும்," தணிகாசலம் அண்ணன் குரல், ஹாரனே வேண்டாத குரல். "தோ உள்ள படுத்திருக்கான்ணா," இது சாதிக். "என்னப்பா நித்திலா, அடை காக்குறியா? எத்தன குஞ்சு?" என்கிறார் அண்ணன். அல்போன்ஸ் சிரிக்கிறான், "ண்ணா, மொதல்ல இது வாசல்ல நுழையுமான்னு கேளு. அப்புறம் செவுத்த இடிக்கச் சொல்வான்." "அளந்துதான்டா வெச்சிருக்கான், சாய்ச்சு எடுத்தா வரும், நான் பாத்தேன்," என்கிறான் சாதிக். இப்போது சொல்ல வேண்டும். வெளியே வந்ததும் முதல் வேலையாக. நெளிந்து நெளிந்து வெளியே வருகிறேன், டார்ச்சை எடுத்தால் வாய் மரத்துப்போயிருக்கிறது. தணிகாசலம் அண்ணன் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருக்கிறார், பஸ்ஸுக்கு ஆயுதபூஜை போட்ட மிச்சமாம். படிக்கட்டில் அந்தச் சத்தம், வாக்கர் டக், பிறகு செயற்கைக் கால், பிறகு சொந்தக் கால். அம்மா வருகிறாள். "மெதுவா வாங்கக்கா," என்கிறார் அவர். "நீங்க வராம படக எறக்கிடுவோமா?" "எறக்கறது இருக்கட்டும், எம்புள்ள நேத்துலேர்ந்து சாப்பிடல, அதக் கேளுங்க," என்று கடைசிப் படியிலேயே உட்கார்ந்துகொள்கிறாள். எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். இதுதான் இடம். ஒரு மணி நேரம், ஒரு அச்சு, ஒட்டிக்கிச்சு. "எல்லாம் ரெடியா?" என்கிறார் தணிகாசலம் அண்ணன்.

உம், என்கிறேன்.

சொன்ன வாயை அப்படியே பிய்த்து எறியலாம்போல இருக்கிறது, அதற்குள் எலுமிச்சம்பழம் முனையில் தேய்த்தாகிவிட்டது, ஆளுக்கு ஒரு மூலை, நான் பின்பக்கம் அல்போன்ஸுக்கு எதிரே. படகின் விளிம்பு உள்ளங்கையில் குளிர்ச்சியாக இருக்கிறது. வராமல் போகலாம், அதுவாகவே விட்டுக்கொடுக்கலாம், பசை பழசுதானே, ஆறு மாதம். "ஒன்னு, ரெண்டு, ஏய் சாதிக்கு, போன உள்ள வைடா, மூணு." மற்ற அச்சுகள் விடுகின்றன, பொட் பொட்டென்று, அந்தச் சத்தம் சந்தோஷமாகக்கூட இருக்கிறது ஒரு நொடி. முன்முனை மேலே போகிறது, பின்முனை மேலே வருகிறது, நடுவில் எங்கேயோ நிற்கிறது. ஐந்தில். படகு வளைகிறது, என் கைக்குத் தெரிகிறது, மரம் மூச்சைப் பிடிக்கிறமாதிரி. "நிறுத்துங்க," என்கிறேன். "மாட்டுது போல இருக்கு, இன்னுங் கொஞ்சம் குடு!" நிறுத்துங்க. தணிகாசலம் அண்ணன் முகம் எனக்கு நேராகத்தான் இருக்கிறது, என்னைப் பார்க்கிறமாதிரி இருக்கிறது, பார்க்கவில்லை. கிர்ரென்று உள்ளேயிருந்து ஒரு சத்தம், நகத்தைத் தூக்குகிறமாதிரி. "ஒரே தம்முடா, ஒன்னு, ரெண்டு," கரண்ட் கம்பத்தை ஒட்டித் திரும்புகிறது, மோட்டார் சத்தம், அந்த ஆரஞ்சு நிறம், தட்டில் பிஸ்கட் நனைந்து கூழாகியிருக்கிறது, அம்மாவின் காலைச் சுற்றி என் பனியன் சிவப்பாக, போய்விடும், இப்போது போனால் நாளை மத்தியானம்தான்,

"அண்ணா! இங்க ஆள் இருக்கோம்! அண்ணா!"

ஹால் முழுக்க அது அடிபட்டுத் திரும்புகிறது. யாருடைய குரல் என்று நானே தேடுகிறேன். எல்லாரும் உறைந்து நிற்கிறார்கள், கையில் படகோடு. தணிகாசலம் அண்ணன் வாய் மூன்று சொல்லத் திறந்தபடியே இருக்கிறது. "இருக்கோம்ல, எல்லாரும் இருக்கோம்," என்கிறார் மெதுவாக, அந்தக் குரலுக்கு மெதுவாகப் பேச வரும் என்பதே தெரியாது எனக்கு. "எறக்கு. பாத்து எறக்குடா." இறக்குகிறோம். சாதிக் குனிந்து அடியில் போகிறான், அவன் போன் வெளிச்சம் ரீப்பர்களின் பசை ஒட்டுகள் வழியாகச் சிவப்பாகத் தெரிகிறது. "அஞ்சாவது ஒட்டிக்கினு இருக்கு. டேப்பே இல்ல இதுல." அடியிலிருந்தே பேசுகிறான். "ரெண்டு ரீப்பர் கொஞ்சம் பிளந்திருக்கு, நீளமா இல்ல, ஒரு சாண். பசை வெச்சு இறுக்கலாம். இன்னொரு இழு இழுத்திருந்தா போயிருக்கும் மச்சான்." வெளியே வந்து தலையிலிருந்து தூளைத் தட்டுகிறான். "ஏன்டா, அன்னைக்குக் கேட்டேனே?" உம் வருகிறது, விழுங்கிக்கொள்கிறேன். "ஒட்டல," என்கிறேன். "மத்தியானமே தெரியும். சொல்லல."

யாரும் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருக்கிறது. தணிகாசலம் அண்ணன் தரையில் விழுந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துச் சட்டத்தின் மேல் வைக்கிறார். "நாளைக்குக் காலைல டூட்டி. சாயங்காலம் வரேன், அறுத்து வெய்யி. வர்றப்ப கத்தாத, எனக்கு பிபி இருக்கு." போகிறார். அல்போன்ஸ் என் தோளில் தட்டிவிட்டு அவர் பின்னால். சாதிக் ஆக்ஸா பிளேடை எடுத்து நுனியை விரலால் பார்க்கிறான், "இது மொன்ன, நான் புதுசு கொண்டாரேன்," அவனும் போகிறான். கிரில் கதவு மூன்று தடவை கிறீச்சிட்டு ஓய்கிறது. அம்மா படியிலேயே இருக்கிறாள். நான் சட்டத்தில் சாய்ந்து தரையில் உட்கார்கிறேன். முதுகு, தோள், விரல், எல்லாம் யாருடையதோ மாதிரி. கேட்கப்போகிறாள். கேட்கவில்லை. தொண்டை எரிகிறது, அதே இடத்தில்.

"உன் காலுக்கு ஒட்டினேன் அந்த டேப்ப," என்கிறேன். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை, அதனால் அங்கிருந்து. அம்மா உம் என்கிறாள். நான் நிமிர்ந்து பார்க்கிறேன். சுவரிலிருக்கிற கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், தாத்தாவின் பெண்தானே, எங்கே கொட்ட வேண்டும் என்று தெரியும். "அன்னைக்கு அந்தப் படகு திரும்பறப்போ நான் கூப்பிட்டேன்மா." உம். "மூணு தடவ. நாலாவது தடவ கூப்பிடல. போகுதுன்னு தெரிஞ்சதும் நின்னுட்டேன், சும்மா பாத்துக்கிட்டிருந்தேன். அது தெருமுனை தாண்டற வரைக்கும் நேரம் இருந்துது. கூப்பிட்டிருக்கலாம்." இதை யாரிடமும் சொன்னதில்லை. தட்டு கதையைச் சொல்லித் திட்டுகிறவர்களுக்குக்கூட இது தெரியாது. உம், என்கிறாள். அப்புறம் என்ன. அப்புறம் ஒன்றுமில்லை, கதை அவ்வளவுதான். ஹாலில் எபாக்ஸி வாசனை, எலுமிச்சம்பழ வாசனை. வெளியே யாரோ பிளாஸ்டிக் குடத்தை இழுத்துக்கொண்டு போகிறார்கள்.

"தட்ட எடுத்துத் தட்டியிருக்கலாம்," என்கிறாள் அம்மா.

வந்துவிட்டது. இரண்டு வருஷமாக வராமல் இருந்தது. வலிக்கும் என்று நினைத்த இடத்தில் கை வைத்துப் பார்க்கிறேன், களைப்புதான் இருக்கிறது அங்கே.

"என் மடியிலதான் இருந்துது அது," என்கிறாள். "எனக்கும் தோணல."

வாக்கரைப் பிடித்து எழுந்துகொள்கிறாள். நான் எழப்போக, கையை அசைத்து வேண்டாம் என்கிறாள். "சோறு வெக்கறேன். அத அறுத்துட்டு வா." முதல் படி. வாக்கரை மேலே வைத்து, சொந்தக் கால், பிறகு மற்றது. டக். இரண்டாவது படி. நான் பிளேடை எடுத்துக்கொண்டு படகுக்கு அடியில் நகர்கிறேன், ஐந்தாவது அச்சின் கீழே, படுத்தபடி கேட்கிறேன், ஏழு, எட்டு, திருப்பத்தில் நின்று மூச்சு வாங்குகிறாள், ஒன்பது, அப்புறம் அந்த டக் மேல்தளத்துத் தரையில், என் தலைக்கு நேர் மேலே, அடுப்பங்கரைப் பக்கமாக.